ஆண்டுக்கொரு விலங்கு

உழவன் கதிரறுத்துக் களம் சேர்க்கும் முன்னரே, பஞ்சாங்கம் ஆண்டு முழுமைக்குமான பலனை அறுத்து அடுக்கி வைத்துவிடுகிறது. அந்த ஏட்டில் ஒரு பக்கம் உண்டு. மகர சங்கராந்திப் புருஷன் என்று ஒருவன். தைத் திங்கள் பிறக்கும் வேளையில் அவன் ஏதேனும் ஒரு விலங்கின்மீது ஏறி வருகிறான். என்ன விலங்கு, என்ன நிறத்து ஆடை, எந்த மலர், எந்த ஆயுதம், எத்திசையிலிருந்து வந்து எத்திசை நோக்கிப் போகிறான் என்பனவெல்லாம் அங்கே வரிசையாக அச்சேறியிருக்கும். ஏறிவந்த விலங்குக்குக் கேடு. உடுத்திய நிறத்துப் பொருளுக்கு விலையேற்றம். நோக்கிய திசைக்குத் துன்பம். இப்படியாகப் பலன் விரியும். திண்ணையில் ஒருவர் உரக்கப் படிப்பார். சூழ இருப்போர் தத்தம் தொழிலையும் பிள்ளையையும் கடனையும் எண்ணிக்கொண்டு கேட்டிருப்பர்.

இலக்கிய ஏட்டில் பஞ்சாங்கப் பக்கத்திற்குத் திறனாய்வா என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டா. கவிதை நூல் ஒன்று ஆயிரம் படி விற்றாலே வியக்கும் நாடு இது. அந்த நாட்டில் வீடுதோறும் ஆணியில் தொங்குகிற ஏடு பஞ்சாங்கம். மிகுதியாகப் படிக்கப்படுவதும் மிகக் குறைவாக ஆராயப்படுவதுமான உரைநடை இதுதான். ஆராயாமல் விட்ட எழுத்துத்தான் ஆட்சி செய்யும். ஆகவே மற்ற நூல்களை எப்படி எடை போடுவோமோ அப்படியே இதனையும் எடை போடுவோம். இதன் மூலம் எது? முறை எது? மொழி எத்தகையது? படிப்பவனை இது எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?

முதலில், விலங்கு எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று பார்ப்போம். வானத்திலே எவரும் புலியைக் கண்டு எழுதவில்லை. அது ஒரு கணக்கு. நிலவு கதிரவனைவிட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அதில் பாதி, அதாவது 6 பாகை, ஒரு கரணம். ஒரு திங்களுக்கு 30 திதி, 60 கரணம். இந்த 60 இடத்திற்கும் 60 பெயர் இல்லை. 11 பெயர்களே உண்டு. பவம், பாலவம், கௌலவம், தைதுலம், கரசை, வணிசை, பத்திரை என்னும் ஏழும் மாறி மாறி எட்டு முறை வந்து 56 இடங்களை நிரப்பும். மீந்த நான்கு இடங்களில் சகுனி, சதுஷ்பாதம், நாகவம், கிம்ஸ்துக்கினம் என்பவை அமாவாசையை ஒட்டி ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொரு கரணத்திற்கும் ஒரு விலங்கை யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் எழுதி வைத்தார். கதிரவன் மகரத்தில் நுழையும் நொடியில் எந்தக் கரணம் நடக்கிறதோ அதற்குரிய விலங்கே அந்த ஆண்டின் ஊர்தி. பவம் என்றால் சிங்கம். பாலவம் என்றால் புலி. கௌலவம் பன்றி, தைதுலம் கழுதை, கரசை யானை. கமுக்கம் இவ்வளவுதான்.

சான்றுக்கு 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சனவரி 14 அன்று விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்னர் முழுநிலவு நிறைவெய்தியது. காலை ஒன்பது மணியளவில் கதிரவன் மகரத்தில் நுழைந்ததாகத் திருக்கணிதம் கூறியது. அப்போது நடந்தது பாலவ கரணம். ஆகவே புலி! ஆனால் நுழைவு நேரத்தை ஆறு மணி முன்னே தள்ளிப் பாருங்கள்: பவ கரணம், புருஷன் சிங்கத்தின்மேல் வருவான். ஏழு மணி பின்னே தள்ளிப் பாருங்கள்: கௌலவம், பன்றியின்மேல் வருவான். காட்டுக்கு வேந்தனுக்கும் சேற்றில் புரளும் பன்றிக்கும் இடையே பதின்மூன்று மணிநேரமே இடைவெளி. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நேரக் கணக்கில் வேறுபடுவன என்பது ஊரறிந்த செய்தி. ஒரே நாட்டின் ஒரே ஆண்டுக்கு விலங்கு எது என்பது, நாம் எந்தக் கடையில் பஞ்சாங்கம் வாங்கினோம் என்பதைப் பொறுத்ததாகவும் ஆகக்கூடும்!

அந்த நொடியாவது இயற்கையின் நொடியா? அதுவும் இல்லை. கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் என்று சொல்லித்தான் தை முதல்நாளுக்கு இந்தப் பெருமை ஏற்றப்படுகிறது. கதிரவனோ திசம்பர் 21 அல்லது 22ஆம் நாளே திரும்பிவிடுகிறான். நிலவுலகின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால், ஏறக்குறைய 1700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்த இரு நாள்களும் இன்று மூன்று கிழமைக்கு மேல் விலகி நிற்கின்றன. கதிரவன் போய்விட்ட வாயிலில் கதிரவனுக்காகக் காத்திருந்து, அவன் வந்ததாக எழுதி, அவனுக்கு ஊர்தியும் கொடுக்கிறது பஞ்சாங்கம்.

பட்டியலிலாவது ஒற்றுமை உண்டா? சங்கராந்தி ஊர்திக்காக வடமொழி முகூர்த்த நூல்கள் தரும் பட்டியல் ஒன்று. பிறந்த கரணத்திற்கென்று தமிழ்நாட்டுச் சோதிடர் ஓதும் பட்டியல் மற்றொன்று. முதல் ஐந்தும் ஒத்துப்போகின்றன. பிறகு வழி பிரிகிறது. பத்திரைக்கு அங்கே குதிரை, இங்கே கோழி. சகுனிக்கு அங்கே நாய், இங்கே காகம். கிம்ஸ்துக்கினத்திற்கு அங்கே சேவல், இங்கே புழு. குதிரையும் கோழியும் ஒன்றாகுமா? சேவலும் புழுவும் ஒன்றாகுமா? சேவல் புழுவைத் தின்னும் என்பதைத் தவிர அவற்றிடையே வேறு உறவு எனக்குத் தெரியவில்லை.

இனி மொழிக்கு வருவோம். நல்ல உரைநடையில் எழுவாய் இருக்கும், பயனிலை இருக்கும், இடம் காலம் அளவு இருக்கும். பலன் எழுதும் நடையிலோ இவை நழுவிக்கொண்டே போகும். ஆங்காங்கே மழை உண்டு என்பார், எங்கே? சில பொருள் விலையேறும், சில பொருள் விலை இறங்கும் என்பார், எவை? மேன்மக்களுக்குத் துன்பம் வரும் என்பார், யார் அவர்? எவ்விடம், எப்போது, எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையளிக்காத வாக்கியம் ஒருநாளும் பொய்யாகாது. பொய்யாகாததனால் அது மெய்யென்று மயங்குகிறோம். பொய்யாவதற்கே வழியில்லாத வாக்கியம் எதையும் சொல்லவில்லை என்பதே உண்மை.

இதற்கு மாறான மொழியை எங்கள் கடற்கரை அறியும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்றாம் எண்ணுக்கு ஒரு பொருள்; மூன்றாம் எண்ணுக்கு வேறு பொருள். எங்கே அழுத்தம் தாழ்ந்திருக்கிறது, எத்திசையில் நகர்கிறது, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும் என்று அறிவிக்கிறார்கள். அது தவறலாம். தவறினால் தவறு என்று தெரியும். தெரிவதால் அடுத்த முறை திருந்தும். 1964 திசம்பர் 22 நள்ளிரவையொட்டித் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியும் பயணிகளோடு அழிந்தது. அன்றைய அறிவிப்புக்கும் இன்றைய அறிவிப்புக்கும் உள்ள தொலைவு, செயற்கைக்கோளும் ரேடாரும் அலைமானியும் கற்றுத் தந்த தொலைவு. சங்கராந்திப் புருஷனோ அன்று கற்றதும் இல்லை, இன்று கற்பதும் இல்லை. ஊர்தி மாறுகிறதேயன்றி அவன் அறிவு மாறுவதில்லை.

விலையேற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் இராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. செக்கச் சிவந்த மிளகாய். புருஷன் சிவப்பு உடுத்தினால் மிளகாய் விலையேறும் என்று ஒருவர் நம்பினால், அவர் பார்க்க வேண்டியவற்றைப் பார்க்காமலிருப்பார். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்தது, கண்மாயில் எத்தனை அடி நீர் நின்றது, செடியில் என்ன நோய், சந்தைக்கு எத்தனை மூட்டை வந்தது, தரகர் எடையில் என்ன செய்தார் என்பவைதாம் அவர் பார்க்க வேண்டியவை. ஆடையின் நிறத்தைக் கேட்கிறவன் தரகனின் கணக்கைக் கேட்பதில்லை. மூடநம்பிக்கையால் மூளைக்கு மட்டுமா இழப்பு? பணப்பைக்கும் அது இழப்பே.

“இதெல்லாம் பழைய தலைமுறையின் பழக்கம், நாங்கள் படித்தவர்கள்” என்று இளந்தோழர்கள் கூறுவர். பொறுங்கள். அந்தப் பக்கம் இப்போது கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. ஆங்கிலப் புத்தாண்டு பிறந்தால், இந்த ஆண்டு உன் வழிகாட்டி விலங்கு எது என்று வினவும் படங்கள் வந்து குவிகின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டைத் தொட வேண்டும். ஓநாயோ கழுகோ கரடியோ வரும். அதன் குணமே ஆண்டு முழுதும் உன் வழி. கிளி சோதிடனைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கும் பட்டதாரி, கிளியின் வேலையைத் தன் கட்டைவிரலிடம் ஒப்படைத்துவிட்டான். சீட்டெடுப்பது மாறவில்லை, அலகு மட்டும் மாறியிருக்கிறது!

வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஞானம் இது என்று அதற்கு விளம்பரம் வேறு. அந்த மக்களுக்கும் இது அவமதிப்பு. ஒசிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்ததே டோட்டம் என்னும் சொல். குலக்குறி என்று நாம் தமிழில் வழங்குகிறோம். ஒரு குலம் யாரோடு உறவு, யாருக்கு யார் கடமைப்பட்டவர், யார் யாரை மணக்கலாகாது என்று ஒழுங்கு செய்த சமுதாய அடையாளம் அது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டு ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளும் ஆடையாக அவர்கள் அதைக் கொள்ளவில்லை.

கிளியைப் பற்றிச் சொன்னேன். 2024 ஏப்ரல் திங்களில், நாடாளுமன்றத் தேர்தல் வேளையில், கடலூர்ப் பகுதியில் வேட்பாளர் ஒருவர் வெற்றி பெறுவார் என்று சீட்டெடுத்துச் சொன்ன கிளி சோதிடரை வனத்துறையினர் பிடித்தனர். கூண்டுக் கிளிகளையும் கைப்பற்றினர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கிளியைப் பிடித்து அடைத்து வைப்பதைத் தடுக்கிறது. அரசியல் காரணத்தால் நடந்த கைது என்று ஒரு சாரார் கண்டித்தனர். அந்த வழக்கு நமக்கு வேண்டா. நாம் எண்ண வேண்டியது வேறு. சிறகை நறுக்கி, கூண்டில் அடைத்து, நெல் ஒன்றைக் காட்டிப் பழக்கிய பறவை தன் நாளையை அறியாதது; அதனிடம் நம் நாளையைக் கேட்கிறோம். அந்தச் சோதிடரும் ஏழை. வேறு தொழில் கற்பிக்கப்படாதவர். அவரை மட்டும் ஏசிவிட்டு, குளிர்பதன அறையில் அமர்ந்து ஆயிரம் ரூபாய்க்குக் கரண விலங்கு சொல்வோரை வணங்குவது நேர்மையாகாது.

பஞ்சபட்சி என்று ஒரு முறை உண்டு. சித்தர் பெயரைச் சூடிக்கொண்டு உலவுவது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகள். பிறந்த விண்மீனையும் வளர்பிறை தேய்பிறையையும் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பறவை. பகலில் ஐந்து சாமம், இரவில் ஐந்து சாமம். ஒவ்வொரு பறவையும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்து தொழில்களையும் முறைவைத்து நடத்தும். தன் பறவை அரசு செய்யும் சாமத்தில் தொடங்கியது வெல்லும் என்பர். இந்தக் கணக்கின்படி ஆந்தைக்குப் பகலிலும் ஓர் அரசு உண்டு. காகத்திற்கு இரவிலும் ஓர் அரசு உண்டு! வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளிலேயே இந்த இரு பறவைகளையும் எடுத்து வைக்கிறார். பகலில் காக்கை தன்னினும் வலிய கூகையை வெல்லும் என்கிறார். கண்ணால் கண்டு எழுதியவர் அவர். கூகைக்குப் பகல் ஒவ்வாது. காக்கைக்கு இரவு ஒவ்வாது. ஆகவே பகைவரை வெல்ல நினைப்பவன் காலம் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. பஞ்சபட்சி எழுதியவரோ நண்பகலில் ஆந்தையை அரியணையில் ஏற்றவும் தயங்கவில்லை. பறவையின் பெயரை வைத்துக்கொண்டு பறவையையே மறந்துவிட்ட நூல் அது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். அது வலிமையான வாதம். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. “வள்ளுவரே விலங்கைக் காட்டி வழி சொல்கிறாரே! கொக்குப்போல் காத்திரு என்கிறார். ஆமைபோல் ஐந்தும் அடக்கு என்கிறார். கரவாது அழைத்துண்ணும் காக்கையைக் காட்டுகிறார். நானும் இந்த ஆண்டு கொக்கைப்போல் பொறுமையாயிருப்பேன் என்று ஒரு விலங்கைத் தேர்ந்துகொண்டால் என்ன குற்றம்? நான் நம்பவில்லை, அடையாளமாகத்தான் கொள்கிறேன்” என்பர்.

குற்றமே இல்லை, தோழர்களே! அதுதான் உவமை. உவமைக்கும் குறிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டுகொண்டால் இந்தக் கட்டுரையின் வேலை முடிந்தது. உவமை காரணத்தைக் கையோடு கொண்டு வருகிறது. கொக்கு ஏன் காத்திருக்கிறது? மீன் வரும்வரை. எப்போது கொத்துகிறது? வந்தவுடன். கண்மாய்க் கரைக்குப் போய் நீங்களே பார்க்கலாம். உங்கள் நிலை கொக்கின் நிலையை ஒத்திருந்தால் கொள்ளலாம், ஒவ்வாவிட்டால் தள்ளலாம். தீப்பற்றிய வீட்டில் நின்று கொக்குப்போல் காத்திருக்க வள்ளுவர் சொல்லவில்லை. குறியோ காரணத்தை விழுங்கிவிட்டு வருகிறது. உனக்குப் புலி, ஏன் என்று கேளாதே, உன் நிலை எதுவாயினும் ஆண்டு முழுதும் புலி. உவமையில் மனிதன் விலங்கைத் தேர்ந்தெடுக்கிறான். குறியில் விலங்கு மனிதனைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லி, நடுவே ஒருவர் கூலி பெற்றுக்கொள்கிறார். தள்ளிவிட உரிமை இருந்தால் அது உவமை; தள்ள அஞ்சினால் அது குறி.

அரசர்களும் விலங்குக் கொடி பிடித்தனர். சோழனுக்குப் புலி, எங்கள் நிலத்தை ஆண்ட பாண்டியனுக்கு மீன். மீனைக் கண்டு புலி அஞ்சுமா? ஆயினும் 1279ஆம் ஆண்டளவில் மூன்றாம் இராசேந்திரனோடு சோழப் பேரரசு முடிந்தது. மாறவர்மன் குலசேகரனின் மீன்கொடி சோழ நாட்டின்மேல் பறந்தது. படையும் பொருளும் சூழ்ச்சியும் வென்றன. கொடியில் எழுதிய புலி கடிக்கவில்லை. கொடியில் எழுதிய மீனும் நீந்தவில்லை.

விளையாட்டுத்தானே, விட்டுவிடலாமே என்று எண்ணுவோர்க்கு ஒரு நாட்டின் கதையைச் சொல்வேன். சீனரின் விலங்கு ஆண்டுக் கணக்கு ஐம்பூதக் கணக்கோடு சேர்ந்து 60 ஆண்டுக்கு ஒருமுறை நெருப்புக் குதிரை ஆண்டைத் தரும். அவ்வாண்டில் பிறந்த பெண் அடங்காதவள், கணவனுக்குக் கேடு சூழ்பவள் என்று சப்பானில் ஒரு நம்பிக்கை. 1966 அத்தகைய ஆண்டு. 1965இல் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 இலட்சத்து 23 ஆயிரம். 1966இல் 13 இலட்சத்து 60 ஆயிரம். 1967இல் 19 இலட்சத்து 35 ஆயிரம். அதிவேகத் தொடர்வண்டியை 1964இலேயே ஓடவிட்ட நாடு. எழுத்தறிவில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு. ஒரு குதிரைப் படத்திற்கு அஞ்சி ஒரே ஆண்டில் கால் பங்கு பிறப்பை இழந்தது. அந்த ஆண்டு பிறந்த பெண்கள் மட்டும் என்ன பிழை செய்தார்கள்? 2026 மீண்டும் அதே நெருப்புக் குதிரை ஆண்டு. நம் பஞ்சாங்கத்தின் 60 ஆண்டுச் சுழற்சியிலோ 1966இலும் 2026இலும் தொடங்குவது பராபவ என்னும் ஆண்டு. தோல்வி என்பது அதன் பொருள். சிரிக்கும் முன் நம் முதுகையும் தடவிப் பார்த்துக்கொள்வோம்.

தடவினால் என்ன தட்டுப்படும்? யோனிப் பொருத்தம் தட்டுப்படும். 27 விண்மீன்களுக்கும் விலங்கு வகுத்திருக்கிறார்கள். மகமும் பூரமும் எலி. புனர்பூசமும் ஆயிலியமும் பூனை. சித்திரையும் விசாகமும் புலி. உத்திரமும் உத்திரட்டாதியும் பசு. பூனைக்கும் எலிக்கும் பகை, புலிக்கும் பசுவுக்கும் பகை, ஆகவே மணமில்லை! மகத்தில் பிறந்த ஒரு பெண் படித்திருக்கிறாள், வேலை பார்க்கிறாள், புனர்பூசத்தில் பிறந்த ஓர் ஆணோடு மனம் ஒத்திருக்கிறாள். இருவரும் மனிதர் என்பதைத் தவிர எல்லாம் சோதிடர்க்குத் தெரிகிறது. மனிதனை விலங்காக்கி, அந்த விலங்குக்குப் பகை கற்பித்து, அந்தப் பகையைச் சாதிக்குக் காவல் நிறுத்துகிறார்கள். பெற்றோர் விரும்பாத மணத்தைத் தடுக்க வேண்டுமானால் பூனை வரும். விரும்பிய மணமானால் பரிகாரம் வந்து பூனையைக் கட்டிப்போடும். எலியும் பூனையும் வீட்டாரின் விருப்பத்திற்கேற்பவே பாய்கின்றன.

திருப்புல்லாணியில் வாழும் நான் நாள்தோறும் காணும் காட்சியையும் சொல்ல வேண்டும். ஆதி செகந்நாதர் கோயிலின் அரசமரத்தடியில் நாகக் கற்கள் நிரையாக நிற்கின்றன. மகப்பேறு வேண்டுவோர் நாகத்தை நிறுவிச் செல்கிறார்கள். தசரதன் இங்கே வேண்டிப் பிள்ளை பெற்றான் என்பது தலபுராணம். கல்நாகத்துக்குப் பால், உயிர்நாகத்துக்குத் தடி என்னும் முரண்பாட்டை 12ஆம் நூற்றாண்டிலேயே கன்னட நாட்டுப் பசவண்ணர் இடித்துரைத்தார். நான் கேட்பது அதற்கும் மேலான வினா. குழந்தையின்மைக்குக் காரணம் ஏறக்குறையப் பாதி இணையரில் ஆண்பால் குறையையும் உள்ளடக்கியது என்று மருத்துவம் கூறுகிறது. ஆனால் கல்லைச் சுற்றி ஈர உடையோடு நடப்பவள் யார்? மலடி என்னும் சொல்லைச் சுமப்பவள் யார்? ஆணைச் சோதிக்க ஒரு சிறு ஆய்வு போதும்; அதற்கு அவன் ஒப்புவதில்லை; பாம்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு வாளாவிருக்கிறான். நாகதோஷம் என்பது பல வீடுகளில் ஆண் மறைந்துகொள்ளும் புற்று. அந்தப் பெண்களை நான் எள்ளேன். அவர்கள் கண்ணீர் மெய்யானது. கண்ணீரைக் கல்லுக்கு அனுப்பிவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப மறுக்கும் வீட்டைத்தான் சாடுகிறேன்.

இந்த நோய் வகுப்பறைக்கும் வருகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், உப்பளத் தொழிலாளியின் மகன், கணக்கில் பின்தங்கியவன். ஏனப்பா முயலவில்லை என்று கேட்டதற்கு, “எனக்குக் கழுதைக் கரணம்னு சொல்லிட்டாங்க சார், படிப்பு ஏறாதாம்” என்றான். அவனைத் தேற்றச் சொல் தேடவில்லை. கணக்கையே கையில் கொடுத்தேன். ஒரு திங்களில் 60 கரணம். தைதுலம் எட்டு முறை. நம் வகுப்பில் 45 பேர். சராசரியாக எத்தனை கழுதை? கரும்பலகையில் வகுத்துப் பார்த்து ஆறு என்றான். அதே கணக்கில் சிங்கமும் ஆறு, புலியும் ஆறு, யானையும் ஆறு. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அந்த ஆறு சிங்கங்களையும் ஆறு கழுதைகளையும் பிரித்துக் காட்டு என்றேன். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். பின்னக் கணக்கை அன்றுதான் முதன்முதலாகப் பிழையின்றிப் போட்டான். அவன் முதல் மாணவன் ஆகிவிட்டான் என்று கதை சொல்ல மாட்டேன். இன்னும் தடுமாறுகிறான். ஆனால் தடுமாற்றத்திற்குக் காரணம் வாய்பாடு என்று இப்போது அறிவான். வாய்பாட்டைக் கற்க முடியும். கரணத்தை என்செய்வது?

இதுதான் இந்த எழுத்தின் பெருங்கேடு. பொய்த்துப்போவதைக்கூடப் பொறுக்கலாம், கேள்வியை அடைத்துவிடுகிறதே, அதைப் பொறுக்கவியலாது. ஏன் வறுமை என்றால் விலங்கு. ஏன் மணமில்லை என்றால் விலங்கு. ஏன் மகவில்லை, ஏன் மதிப்பெண்ணில்லை என்றால் விலங்கு. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விலங்கு படுத்துக்கொண்டிருக்கிறது. தமிழில் விலங்கு என்றால் கைகளைப் பிணிக்கும் தளையும்தான் என்பதை நினைவூட்ட வேண்டுமா?

விலங்குகளிடம் கற்பதற்கு ஏதுமில்லையா? நிரம்ப உண்டு. பொங்கலுக்கு மறுநாள் நம்மவர் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, பொங்கல் ஊட்டுகின்றனர். அந்த மாடு இவ்வாண்டு எத்தனை ஏக்கர் உழுதது, எத்தனை படி கறந்தது என்று வீட்டார்க்குத் தெரியும். உழைத்த உயிருக்கு உழைப்பாளி செலுத்தும் நன்றி அது; அதில் குறியுமில்லை, பலனுமில்லை. அதற்கு முதல்நாள் வானத்தில் வரும் விலங்குக்கு எவரும் புல் போட்டதில்லை.

எங்கள் கடலிலே ஆவுளியா வாழ்கிறது. கடற்பசு என்று ஏடுகளில் எழுதுவர். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. ஆவுளியா மேயும் இடத்தில் கடற்புல் உண்டு. கடற்புல் இருக்குமிடத்தில் மீன்குஞ்சும் இறாலும் வளரும். அவை வளர்ந்தால் மீனவன் வலை நிறையும். 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கென்று காப்பகமாக அறிவித்தது. வலையில் தவறிச் சிக்கிய ஆவுளியாவை மீனவர் தம் வலையை அறுத்துக் கடலில் விட்ட நிகழ்ச்சிகள் உண்டு. எந்தப் பஞ்சாங்கத்திலும் ஆவுளியா ஊர்தியாக வந்ததில்லை. ஆயினும் இக்கடற்கரையின் வருங்காலத்தைச் சொல்லும் விலங்கு ஒன்று உண்டென்றால் அது ஆவுளியாவே. அதன் தொகை குறைந்தால் நமக்குக் கேடு வருகிறது என்று பொருள். ஏன் வருகிறது என்றும் அதுவே காட்டும். மடிவலை கடற்புல்லைக் கிழித்ததா, கழிவு கலந்ததா என்று தேடலாம், தடுக்கலாம். சான்றாக நிற்கும் விலங்கு நம்மை வினை செய்யத் தூண்டும். குறியாக வரும் விலங்கு நம்மை வினையறுத்து உட்கார வைக்கும்.

தோழர்களே! பஞ்சாங்கத்தைக் கொளுத்த உங்களை அழைக்கவில்லை, படிக்க அழைக்கிறேன். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு மாலை கூடுங்கள். கடந்த பத்து ஆண்டுகளின் சங்கராந்திப் பக்கங்களைத் தேடிக் கொண்டுவாருங்கள். வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று என இரண்டு வகையும் வேண்டும். விலங்குகள் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பின்னர், பொய்யாகக்கூடிய வாக்கியம் எது என்று பார்த்து அதன்கீழ் மட்டும் கோடிடுங்கள். எத்தனை கோடு விழுகிறது என்று எண்ணுங்கள். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆண்டு நடந்ததை எழுதுங்கள்: மழை எத்தனை மில்லிமீட்டர், நெல் விலை என்ன, மிளகாய் விலை என்ன. அந்தத் தாளைப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். நம்பும் பெரியவரையும் அழைத்து, அவரே உரக்கப் படிக்கட்டும். படித்து முடிந்ததும் நாம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிராது.